வயல் முடியுற இடத்துல ஒரு காடு! கோடியக்கரை முதல் முத்துப்பேட்டை வரை... டெல்டாவில் ஒரு நடைப்பயண கைடு

``டெல்டாவுல என்ன இருக்கு? எங்க பார்த்தாலும் வயல்தான். டிரெக்கிங்னா ஏற்காடு, கொடைக்கானல், இல்லைன்னா மூணாறு...'' தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்து ஃபிரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வீக்எண்ட் பிளான் பேச ஆரம்பித்தாலே, இந்த டயலாக் வந்தே தீரும். நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க.

டெல்டாவில் மலை இல்லை என்பது உண்மை. ஆனால், கால் வைக்க யோசிக்க வைக்கும் முள்காடு இருக்கு. கண்ணுக்கு எட்டிய வரை வெடித்துக் கிடக்கும் சதுப்பு இருக்கு. முழங்கால் வரை உள்ளே இழுக்கும் சேறு இருக்கு. படகில் மட்டுமே போக முடிந்த அலையாத்திக் காடும் இருக்கு. இவை எல்லாமே தஞ்சாவூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், காவிரியின் கடைமடையில் இருக்கின்றன. அங்கே எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, எப்படி நடப்பது... இதோ முழு விவரம்.

முதல்ல மேப்பைத் திறங்க!

போனில் மேப்பைத் திறந்து தமிழ்நாட்டின் கிழக்குக் கரையைப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் கடற்கரை, ஓர் இடத்தில் சட்டென மேற்கே திரும்பும். கட்டடத்தின் மூலை மாதிரி இருக்கும் அந்த இடம்தான் கோடியக்கரை. `கோடி' என்றால் முனை, கடைசி. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் யாழ்ப்பாணம்.

இந்த முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் வேதாரண்யம் சதுப்பு, அலையாத்திக் காடு, கோடியக்கரைக் காடு எல்லாம் சேர்ந்து ஒரே தொடர் நிலம். இந்த 38,500 ஹெக்டேர் நிலம் 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்தது இதுதான். இன்றைக்கு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. 1991-க்கு முன்னால் எல்லாமே ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம்தான்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சுமார் 100 கிலோமீட்டர். ஜன்னல் சீட் பிடித்து உட்காருங்கள். திருத்துறைப்பூண்டி தாண்டிய பிறகு, பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வாய்க்கால் தண்ணீர் கலங்கலாகும். தென்னையும் சவுக்கும் கூடும். கடைசியில் வெள்ளை வெளேர் என உப்பளம் வரும். ஆறு எங்கே முடிகிறது என்பதை ஒரு பஸ் டிக்கெட் செலவில் பார்த்துவிடலாம்.

வார்ம்-அப்: உப்பளத்து ஓரம்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நடைப்பயணம் ஒன்று முடிந்த இடம் இது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என டெல்டா ஊர்களின் வழியே நடந்து, 28-ம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார்.

`தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை' என்று அன்றைய தஞ்சை கலெக்டர் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். `நாங்க யாருக்கும் போடலையே!' என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா?

இங்கே நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளங்கள்தான். பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்பில் நடக்கும் முன்பு, அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வயல் வரப்பு மாதிரிதான் இதுவும். ஒரு மிதியில் உடைந்தால் அவர்கள் வேலை இரட்டிப்பாகும்.

காட்டுக்குள்: நாலு மீட்டர் `சிகரம்'

வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்கு டவுன் பஸ் இருக்கிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1962-ல் இந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு, 1967-ல் இது வனவிலங்கு சரணாலயம் ஆனது. வனத்துறை நுழைவாயிலில் அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

`காடு' என்றதும் வானம் தொடும் மரங்களை எதிர்பார்க்காதீர்கள். இங்கே பல மரங்கள் வீட்டு மாடி உயரத்தைத் தாண்டாது. இதற்குப் பெயர் உலர் பசுமைமாறாக் காடு. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்த காடு இது. இப்போது கோயில் காடுகளிலும் சில துண்டு நிலங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதில் பெரிய பரப்பு கோடியக்கரையில்தான் இருக்கிறது.

இலைகளைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, தோல் மாதிரி, பளபளவென இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை வைத்துக்கொண்டு மீதி மாசமெல்லாம் வெயிலையும் உப்புக்காற்றையும் தாக்குப்பிடிக்க இப்படியொரு ஏற்பாடு. பாலை, நாவல், வீரை என மரங்கள். அவற்றுக்குக் கீழே காரை, களா, சங்கஞ்செடி என முள் புதர்கள். ஒற்றையடிப் பாதையை விட்டு ரெண்டு அடி விலகினால், சட்டையை ஏதாவது ஒரு முள் பிடித்து நிறுத்தும். கோடையில் போனால் பாலைப்பழ சீசனாக இருக்கலாம். சின்னதா, மஞ்சளா, ஒட்டுற பால் வடிய இனிக்கும். ஆனால், சரணாலயத்துக்குள் பறிக்காதீர்கள். அது குரங்குக்கும் பறவைக்கும் உரியது.

காலுக்குக் கீழே மண்ணைக் கவனியுங்கள். கடல் விட்டுப்போன பழைய மணல் திட்டுகளின் மேல்தான் இந்தக் காடு நிற்கிறது. திட்டின் மேல் மரங்கள். இரண்டு திட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மழைத் தண்ணீர். மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். காடு குடிப்பது அந்த அடுக்கைத்தான். மழை பொய்த்தால் அடுக்கு மெலிந்துவிடும். அதனால்தான் கோடையில் விலங்குகளுக்குத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது.

சரணாலயத்தின் மிக உயரமான இடம் `ராமர் பாதம்'. கல்லில் பாதச் சுவடுகள் உள்ள சிறிய மண்டபம். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. உயரம் எவ்வளவு என்கிறீர்கள்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்! சிரிக்காதீங்க. மேலே ஏறி நின்றால் சுற்றிலும் காட்டின் தலை தெரியும். பக்கத்தில் இவ்வளவு மேடு வேறெங்கும் இல்லை. அப்படியென்றால் மற்ற இடமெல்லாம் கடலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கு 2018 நவம்பர் 16 அதிகாலையில் எல்லோருக்கும் புரிந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. மரங்கள் முறிந்து விழுந்தன. மான்களும் பறவைகளும் இறந்தன. நடந்து போகும்போது, பாதி சாய்ந்தபடி பக்கவாட்டில் துளிர்விட்டு வளரும் மரங்களைப் பார்த்தால், புயலைத் தாண்டி நிற்கும் மரம் எப்படி இருக்கும் என்று புரியும். அதற்கும் முன்னால், 2004 சுனாமியில், கடலோரம் நின்ற சோழர் கால கலங்கரை விளக்கத்தின் சிதிலமும் சரிந்துபோனது.

புல்வெளி: வெளிமானும் சீமைக்கருவேலமும்

காடு முடிந்ததும் திடீரென வெளிச்சம். பரந்த புல்வெளி. அங்கேதான் வெளிமான்கள். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட கொம்பு. பெண் மான் பழுப்பு நிறம். பயந்தால் முதலில் ஒன்று துள்ளும், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் துள்ளி ஓடும். காட்டு நிழலில் நிற்கும் புள்ளிமான் வேறு, இது வேறு. இதன் பாதுகாப்பு, கண்பார்வையும் ஓட்டமும்தான். மறைவில்லாத திறந்த நிலம் இதற்குத் தேவை. பேரிலேயே `வெளி' இருக்கே!

அந்த வெளிதான் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. காரணம், நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இதன் காய் இனிப்பாக இருக்கும். மாடும் குதிரையும் மானும் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுவிடும். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தை வருஷா வருஷம் கவனிக்கவும் வேண்டும்.

இங்கே மட்டக் குதிரைகளும் திரியும். ரீல்ஸ் எடுக்க அழகாக இருக்கும். ஆனால், அவை காட்டுக் குதிரைகள் இல்லை. எப்போதோ யாரோ வளர்த்து விட்டுப்போன வீட்டுக் குதிரைகளின் வாரிசுகள். மானுக்கும் குதிரைக்கும் அதே புல், அதே தண்ணீர்த் தொட்டி. `எல்லாமே இயற்கை' என்று நாம் லைக் போடும் காட்சிக்குள்ளேயே ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கிறது.

சதுப்பு: பூங்குழலியின் ஏரியா

`பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடியக்கரை என்றாலே பூங்குழலிதான். அவளைத் துரத்திக்கொண்டு ஓடிய வந்தியத்தேவன் சேற்றுப் பள்ளத்தில் சிக்கிய காட்சி ஞாபகம் இருக்கா? அது கல்கியின் வெறும் கற்பனை என்று நினைத்து சதுப்பில் இறங்கிவிடாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு, உள்ளே குழகுழவென இருக்கும். ஊர்க்காரர் காட்டும் தடத்தை விட்டு விலகவே கூடாது. அந்தக் கதையில் வரும் குழகர் கோயிலும் நிஜம்தான். சுந்தரர் பாடிய தலம். போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

மழைக்காலத்தில் சதுப்பில் தண்ணீர் நிற்கும்போது பறவைகள் வரும். பூநாரைகள் கூட்டமாக நின்று, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நுண்ணுயிர்களையும் சின்ன இறால்களையும் வடிகட்டித் தின்னும். கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, ஊசிவால் வாத்து என லிஸ்ட் நீளும். எல்லோரும் பூநாரையைத்தான் தேடுவார்கள். நீங்கள் சேற்றின் ஓரத்தில் குடுகுடுவென ஓடும் கொசு உள்ளானையும் பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழ எடைகூட இருக்காது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து பறந்து வந்திருக்கும். இப்படி வரும் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாக இங்கே ஆய்வு செய்துவருகிறது.

முத்துப்பேட்டை: நடக்க முடியாத காடு

அடுத்த நாளை முத்துப்பேட்டைக்கு ஒதுக்குங்கள். ஜாம்புவானோடையில் வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஆற்றில் படகு ஏறினால், இரண்டு கரையிலும் அலையாத்திச் சுவர். பாமணியாறு, கோரையாறு என காவிரியின் கடைசிக் கிளைகள் எல்லாம் இங்கேதான் வந்து விழுகின்றன. சில மைல் போன பிறகு, திடீரென வானம் விரியும். அதுதான் முள்ளிப்பள்ளம் என்கிற லகூன்.

இங்கே சேற்றிலிருந்து ஆணி அடித்தது மாதிரி ஆயிரக்கணக்கில் குச்சிகள் நிற்கும். அவை மூச்சு வேர்கள். காற்றே இல்லாத சேற்றில் மாட்டிக்கொண்ட வேர், மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. படகிலிருந்தே எட்டி, இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு! உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது இந்த மரம்.

இந்தக் காடு ஒரு தடவை தோற்று, மறுபடி எழுந்து வந்த காடு. பிரிட்டிஷ் காலத்திலிருந்து விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போனதும் தரை அமுங்கிப் பள்ளமானது. ஏறிய கடல் தண்ணீர் வடியாமல் அங்கேயே நின்று காய்ந்து, மண்ணில் உப்பு தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. அதன்பின் ஒரு செடியும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். அலை ஏறியது, இறங்கியது. நின்றுபோன தண்ணீர் நகர ஆரம்பித்ததும், வாய்க்கால் கரைகளில் நட்ட கன்று பிழைத்தது. சுருக்கமாகச் சொன்னால், தண்ணீருக்கு வழி விட்டார்கள், மரம் வந்தது. வடிகால் தூர்ந்தால் பயிர் என்ன ஆகும் என்று தெரிந்த டெல்டா பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

`வீணாப் போற தண்ணி'யா?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு செய்தி பார்ப்போம்: `உபரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது.' கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருஷங்களைப் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, அந்த வரி வயிற்றெரிச்சலைக் கிளப்பும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், முத்துப்பேட்டையில் படகில் போகும்போது ஆற்றின் கடைசிப் பக்கத்தையும் படிக்கிறோம். அலையாத்திக்கு வெறும் உப்புத் தண்ணீர் போதாது. நல்ல தண்ணீர் வந்து கலந்தால்தான் கன்றுகள் தழைக்கும். ஆறு கொண்டுவரும் வண்டல்தான் கரையைத் தாங்கும். லகூனில் இறாலும் மீனும் வளர்வதும் இந்தக் கலப்புத் தண்ணீரில்தான். இங்கே நல்ல தண்ணீர் வருவதே பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும். அதுவும் குறைந்தால், கடல் சும்மா இருக்காது. ஆற்றின் வாய் வழியாக உள்ளே ஏறும். முதலில் கடைமடைக் கிணறு உப்பாகும், அப்புறம் வயல்.

அதனால், கடைமடை விவசாயிக்கும் காட்டுக்கும் சண்டை மூட்ட வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே வாய்க்காலின் கடைசியில் நிற்பவர்கள். மேலே குறைந்தால் இரண்டு பேருக்கும் குறையும். மேலே நாம் வாய்க்காலில் வீசும் பிளாஸ்டிக் கவரும், வயலில் அளவுக்கு மீறி அடிக்கும் மருந்தும் கடைசியில் வந்து சேர்வதும் இவர்கள் இரண்டு பேரிடம்தான்.

எப்போ போகலாம், எப்படிப் போகலாம்?

* பறவைகளுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்க வசதியான மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி.
* வெளிமானுக்கு: வருஷம் முழுக்கப் பார்க்கலாம். அதிகாலை அல்லது மாலை மட்டும். நடுப்பகல் வெயிலில் மானும் இருக்காது, உங்களாலும் முடியாது.
* ஆமைக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். இரவில் தனியாகக் கரையில் திரியாமல், வனத்துறையிடம் கேளுங்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் அனுமதியோடு பார்க்கலாம்.
* ரயில்: திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நேரத்தை ஆப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
* தங்க: கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்பதிவு அவசியம். இல்லாவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ்கள் உண்டு.
* கட்டணம், படகு, நேரம்: அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

முள்ளுக்கு ஷூ, சேற்றுக்கு வார் வைத்த செருப்பு. முழுக்கை சட்டை, பளிச் கலர் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி. இருந்தால் பைனாகுலர். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் மேப்பை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் ப்ளீஸ், வேண்டாம்!

* குரங்குக்குப் பிஸ்கட், சிப்ஸ் கொடுக்காதீங்க. இன்னிக்கு வாங்கித் தின்னும், நாளைக்குக் குழந்தை கையிலிருந்து பிடுங்கும்.
* மான் கூட்டத்தைப் பைக்கில் விரட்டி வீடியோ எடுக்காதீங்க. வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.
* பூநாரைகள் `பறக்குற ஷாட்' வேண்டும் என்று கிட்டே போய்க் கத்தாதீங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய உடம்பு அது. சேர்த்து வைத்த கொழுப்பு உங்கள் ஒரு ஷாட்டில் கரையும்.
* அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்க விடாதீங்க.
* கொண்டுபோன பாட்டில், கவர் எல்லாம் திரும்ப உங்கள் பையிலேயே வரட்டும். காட்டுக்குள் குப்பைத்தொட்டி தேடாதீங்க.

திரும்பி வரும்போதும் அதே ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். உப்பளம், தென்னை, கலங்கல் வாய்க்கால், அப்புறம் மறுபடி வயல். உங்க ஊர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது, கீழே ஓடும் தண்ணீரைப் பாருங்கள். அது போய்ச் சேரும் இடம் இனி உங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை குரூப்பில் யாராவது, ``டெல்டாவுல என்ன இருக்கு?'' என்று கேட்டால், மூச்சு வேர் போட்டோ ஒன்றை அனுப்பிவிட்டு, ``ஞாயித்துக்கிழமை காலைல நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வா'' என்று சொல்லுங்கள்.